ஆறு பேரின் மூளை

"அக்கா, 0.48 வந்திருக்கு!"

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த சேலத்துத் தம்பி, மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தான். திரையில் இரண்டு மூளைப் படங்கள். ஒன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கணக்கிட்ட, மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பின் வலு. இன்னொன்று, ஒரு மரபணு எந்தப் பகுதியில் எவ்வளவு வேலை செய்கிறது என்பது. இரண்டிலும் பின்பக்கம் சிவப்பு, முன்னால் போகப்போக நீலம். இரண்டு படங்களும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் எண்தான் அந்த 0.48; அப்படியே பொருந்தினால் 1.

பைத்தானில் அபாஜென் என்ற கருவியை நிறுவினால் சில வரிகளிலேயே இந்த மரபணுப் படம் வந்துவிடும். எனக்குப் பயமே அதுதான். "இது எத்தனை பேரோட மூளை?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

சியாட்டிலில் உள்ள ஆலன் மூளை ஆய்வு நிறுவனம் தொகுத்த தரவு அது. இறந்துபோன ஆறே ஆறு பேரின் மூளை. ஐந்து ஆண்கள், ஒரு பெண். 3,702 திசு மாதிரிகள். வலது பாதியிலும் மாதிரி எடுத்தது இரண்டு பேரிடம் மட்டும். மாதிரி இல்லாத பகுதியை அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பச் சொன்னால் மென்பொருள் நிரப்பிவிடும். அளந்தது எது, நிரப்பியது எது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

சரி, அந்த 0.48? சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வரும்போது வெயில் குறைந்துகொண்டே வரும், கன்னடப் பலகைகள் கூடிக்கொண்டே வரும். அதற்காகக் குளிர்தான் கன்னடத்தைக் கொண்டுவந்தது என்போமா? மூளையிலும் அடுத்தடுத்த பகுதிகள் ஒன்றுபோலவே இருக்கும். மெதுவாக மாறும் எந்த இரண்டு படங்களும் பொருந்துவதுபோலத் தெரியும். எந்த அர்த்தமும் இல்லாத படங்களைக் கொடுத்தாலும் சில மரபணு வகைகள் 'முக்கியம்' என்று வந்து நிற்பதை 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது.

அதனால் ஒரு படத்தைக் கோளம்போல் ஆயிரக்கணக்கான முறை சுழற்றி, ஒவ்வொரு முறையும் மற்றதோடு ஒப்பிடச் சொன்னேன். சுழற்றிய படங்களில் ஐந்தில் ஒன்று 0.48-ஐத் தாண்டியது. அதாவது, அந்த அளவு பொருத்தம் தற்செயலாகவே வரக்கூடியது. தம்பியின் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒன்று. மகனுக்கு ஸ்கேன் எடுக்க ஓசூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, "இந்தச் சிவப்புதான் என் பையனோட ஜீன் கோளாறாம்மா?" என்றார். "இல்லைங்கய்யா, இது அவரோட படமே இல்லை. ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு ஸ்கேன்ல தெரியாது, அதுக்கு மூளைத் திசுவே வேணும்" என்று உட்கார வைத்துச் சொன்னேன்.

மறுநாள், திசு மாதிரி எடுக்காத இடங்களுக்குத் தம்பி சாம்பல் நிறம் கொடுத்திருந்தான். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: 'ஆறு பேரின் சராசரி. நோயாளியுடையது அல்ல.'