தனிக் கொடிக்கால்: ‘ஒற்றைத் தோட்டம்’ ஏன் பொருந்தாது

பினோ நுவார் ஒரு கறுப்புத் திராட்சை வகை, அதில் செய்யும் சிவப்பு வைனுக்கும் அதே பெயர். ஒரே திராட்சை நிலத்தின் (வின்யார்ட்) பழத்தில் செய்ததை ‘சிங்கிள் வின்யார்ட் பினோ நுவார்’ என்பார்கள். அதை ‘ஒற்றைத் தோட்டத்து பினோ நுவார்’ என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. தொலைக்காட்சியில் படத்தின் அடியில் ஓடும் தமிழ் வரியில் வந்தது. பிறகு ஓர் ஓட்டலின் விருந்துப் பட்டியலில். போன வாரம் மொழிபெயர்ப்புப் பழகும் ஒரு தம்பி அதையே எழுதிக் கொண்டுவந்து, “எல்லாரும் இப்படித்தாண்ணே போடுறாங்க” என்றார். வேறெங்கு எழுதினாலும் பொறுத்துக்கொள்ளலாம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றி வாழும் நம் மக்களிடம் இந்தச் சொல்லைக் கொடுத்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

முதலில் சொற்பிறப்பு. பிரெஞ்சில் ‘பின்’ என்றால் பைன் மரம். பைன் காயைப் போல நெருக்கமாகக் காய்க்கும் சிறு குலை என்பதால் ‘பினோ’. ‘நுவார்’ கறுப்பு. தாயகம் பிரான்சின் புர்கோன் வட்டாரம். தோல் மெல்லியது, குலை இறுகியது, எளிதில் அழுகும். வெயில் மிகுந்த இடத்தில் அவசரமாகப் பழுத்து மணத்தை இழக்கும். அதனால்தான் குளிர்ந்த சரிவுகளைத் தேடி நடுகிறார்கள்.

இனி ‘தோட்டம்’. “நீங்க எந்தத் தோட்டம்?” என்று இங்கே ஒருவரைக் கேட்டால் அவர் சொல்வது ரப்பர் எஸ்டேட் போன்ற ஒரு நிர்வாகத்தின் பெயரை. மானேஜர், கணக்கெழுதும் கிராணி, ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி, டிவிஷன், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்தது தோட்டம். அதற்குள் மரம் நட்ட காடு எத்தனையோ, மர வரிசையான நிரை எத்தனையோ. ஆகவே ‘ஒற்றைத் தோட்டம்’ என்று படிக்கும் நம்மவர், ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான நிலம் என்றுதான் புரிந்துகொள்வார். அதைச் சொல்ல வைன் உலகில் வேறு ஒரு சொல் இருக்கிறது: ‘எஸ்டேட் பாட்டில்ட்’. அமெரிக்கச் சட்டப்படி அப்படி எழுதினால் பழம் முழுவதும் அந்த வைன் ஆலை வைத்திருக்கும் அல்லது பராமரிக்கும் நிலத்திலிருந்து வரவேண்டும். அந்த நிலம் பல துண்டாக இருக்கலாம். ஒரு வின்யார்டின் பெயரைப் பாட்டில் சீட்டில் போடுவதற்கோ அங்கே வேறு விதி: பழத்தில் 95 விழுக்காடு அந்த நிலத்தில் விளைந்திருக்க வேண்டும். நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும். முன்னது உடைமையைச் சொல்கிறது, பின்னது மண்ணைச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே தமிழைப் போட்டால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

புர்கோனில் இது இன்னும் தெளிவு. அங்கே பெயரும் எல்லையும் உள்ள ஒவ்வொரு நிலத்துண்டையும் ‘கிளிமா’ என்பார்கள். அந்தக் கிளிமாக்களை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. அவற்றுள் ரொமானே கோந்தி 2 ஹெக்டர்கூட இல்லை, ஒரே உரிமையாளர். குளோ த வூஜோ சுமார் 50 ஹெக்டர். சிஸ்டெர்சியத் துறவிகள் மதில் கட்டிக் காத்த நிலம், பிரெஞ்சுப் புரட்சியில் பறிமுதலாகி, விற்று, பாகம் பிரிந்து இன்று எண்பது பேர் அளவில் பங்கு வைத்திருக்கிறார்கள். அப்படியும் நிலத்தின் பெயர் மாறவில்லை. நம் பக்கம் நடந்தது நேர்மாறு. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கும் துண்டாடல் வந்தது. பிழைப்பு போனது, குடியிருப்பு போனது, பல இடங்களில் பெயரே போனது. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டானால் தோட்டம் இல்லை என்று அனுபவத்தால் அறிந்த மக்களுக்கு, எண்பது பேர் கையில் இருக்கும் நிலத்தை ‘ஒற்றைத் தோட்டம்’ என்று எப்படி விளக்குவது?

“வேதாகமத்திலேயே திராட்சத்தோட்டம் என்றுதானே இருக்கிறது” என்பார்கள். இருக்கிறது. நாபோத் என்பவனின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜா கேட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். ராஜா அந்த நிலத்தைக் கேட்டது கீரைக்கொல்லை போட. அதைவிட நல்ல திராட்சத்தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்றும் பார்த்தான். நாபோத் மறுத்தான், ஏனென்றால் அவனுக்கு வேண்டியது அந்த நிலம்தான். அரண்மனைக்குப் பக்கத்தில் கீரை போடும் அளவு நிலம் அது, நாம் சொல்லும் தோட்டம் அன்று.

‘ஒற்றை’யும் கோணல்தான். ஒற்றைப் பனை, ஒற்றை மாடு என்றால் துணையின்றி நிற்பது என்றே காதில் விழும்.

என் பரிந்துரை ‘தனிக் கொடிக்கால்’. கொடிக்கால் நமக்குப் பழைய சொல். அகத்தியை நட்டு வெற்றிலைக் கொடியைப் படரவிடும் பாத்தி நிலத்துக்குப் பெயர். திருவாரூரில் கொடிக்கால்பாளையம் என்று ஊரே இருக்கிறது. வெற்றிலைக்கு மட்டும் உரிய சொல் என்று மறுப்பவர்களுக்கு: திராட்சைக்கே கொடிமுந்திரி என்று ஒரு பெயர் உண்டு, அதுவும் காலும் கம்பியும் பற்றிப் படரும் கொடி. கொடிக்கால் என்றதும் கண்ணில் படுவது எல்லையுள்ள ஒரு நிலம், ஆபீசும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயமும் அல்ல. ‘தனி’ என்பதில் கலப்பில்லாதது என்ற பொருளும் உண்டு. பக்கத்து நிலத்துப் பழம் சேராதது என்பதுதானே இங்கே சொல்லவேண்டியது. உரிமையாளர் ஒருவரே என்றால் அதை ‘ஒருவர் உடைமை’ என்று தனியாக எழுதட்டும்.

இதே மொழிபெயர்ப்புகளில் சரிவை ‘மலை உச்சி’ என்று போடுவதையும் பார்க்கிறேன். சாய்ந்து வரும் வெயில் நன்றாகப் படுவதும், மழைநீர் வடிவதும், உறைபனிக் குளிர்காற்று கீழே இறங்கிவிடுவதும் சரிவில்தான். பொதுவாக உச்சியில் மண் மெலிவு, காற்று அதிகம். ‘கேமரன் மலை போன்ற குளிர்’ என்று விளக்கம் வேறு கொடுக்கிறார்கள். மலேசியாவின் கேமரன் மலையில் ஆண்டு முழுவதும் ஒரே இதமான குளிர், தேயிலைக்கு ஏற்றது. பினோ நுவார் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கவேண்டும். பிறகு வளரும் மாதங்களில் சராசரி 14 முதல் 16 பாகை செல்சியஸ் வேண்டும். அகராதியைத் திறக்கிறவர்கள் அந்தப் பொருளைப் பற்றி இரண்டு பக்கம் படிப்பதில்லை என்பதே என் மனக்குறை.

வைன் என்ற சொல்லை நான் மாற்றச் சொல்லவில்லை. ‘மது’ என்றால் இங்கே மலிவுச் சாராயமான சம்சுவும் மது ஒழிப்புக் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். தமிழே வேண்டும் என்பவர்கள் ‘தேறல்’ என்று எழுதலாம். தெளிந்தது என்று பொருள். யவனர் கொண்டுவந்த தண்கமழ் தேறல் புறநானூற்றின் 56ஆம் பாட்டிலேயே இருக்கிறது. அந்தத் தம்பியின் தாளில் நான் திருத்திக் கொடுத்தது: குளிர்நாட்டு மலைச்சரிவில் விளைந்த தனிக் கொடிக்கால் பினோ நுவார்.