தாய்லாந்து உணவகத்தில் ‘அசல்’ தேடுபவர்களுக்கு

பேங்காக் பயணம் முடிவானதும் என்னிடம் சிலர் கேட்பது ஒரே கேள்விதான்: “அங்கே அசல் தாய்லாந்துச் சாப்பாடு எப்படிக் கண்டுபிடிப்பது?” கேட்பவர் சைவமாக இருந்தாலோ, இறால், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவராக இருந்தாலோ, உணவியல் ஆலோசகராக எனக்குக் கவலை அங்கேயே தொடங்கிவிடும். கடை எவ்வளவு அசலோ, அந்த அளவுக்கு மீனும் இறாலும் கண்ணில் படாமல் உள்ளே இருக்கும்.

நெத்திலியையும் உப்பையும் கலந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஊறவைத்து வடித்த நீர்தான் ‘நாம் ப்ளா’ என்ற மீன் சாஸ். அங்கே உப்புச் சேர்ப்பதே பெரும்பாலும் இதை ஊற்றித்தான். இன்னொன்று கப்பி: இறாலை உப்புப் போட்டுப் புளிக்க வைத்த விழுது. பச்சைமிளகாய், எலுமிச்சைப் புல், பேரரத்தை, கொத்தமல்லி வேர், பூண்டு எல்லாவற்றோடும் கப்பியையும் சேர்த்து இடிப்பதுதான் ‘கிரீன் கறி’ என்ற பச்சைக் குழம்புக்கான வழக்கமான மசாலா.

சிக்கலே இந்த மசாலாவில்தான். “வெஜ் கிரீன் கறி உண்டா?” என்றால் “உண்டு” என்பார்கள். பொய் சொல்வதில்லை, கோழியை எடுத்துவிட்டுக் கத்தரிக்காயும் டோஃபுவும் போடுவார்கள். மசாலா காலையிலேயே அரைத்தது, அதில் கப்பி இருக்கிறது. அதனால் “சைவமா?” என்று கேட்காதீர்கள். “மசாலாவில் கப்பி உண்டா? உப்புக்கு என்ன ஊற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். “அதை எடுக்க முடியாது, மசாலாவிலேயே இருக்கிறது” என்று பதில் வந்தால் அந்தக் கடையை நம்பலாம். அங்கே அந்தக் கறி மட்டும் உங்களுக்கு வேண்டாம். கேட்டதற்கெல்லாம் “நோ பிராப்ளம்” என்று தலையாட்டும் கடையில்தான் எனக்குப் பயம்.

பப்பாளிக்காய் சாலட்டான சோம் தம் இன்னும் மோசம். காய்ந்த சின்ன இறால் (நம்மூர்ச் சென்னாக்கூனி போல), வேர்க்கடலை, நாம் ப்ளா எல்லாம் ஒரே உரலில் விழும். தெருக்கடையில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே அந்த உரலைக் கழுவுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. “கடலை போடாதீர்கள்” என்று நீங்கள் சொன்னாலும் முந்தைய தட்டின் கடலைத் தூள் உரலில் ஒட்டியிருக்கும். கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் சோம் தம்மை விட்டுவிடுவதே நல்லது. பாட் தாய் நூடுல்ஸ், மசாமான் கறி இரண்டிலும் கடலை சாதாரணம். இறால் ஒவ்வாமைக்குக் காரணமான முக்கியப் புரதம் சூட்டுக்கு அழியாது. “நன்றாக வெந்துவிட்டதே” என்ற சமாதானம் செல்லாது.

சரி, அசலை எப்படித்தான் அறிவது? புத்தர் சிலை, ஆர்க்கிட் பூ, அன்னாசி ஓட்டில் பரிமாறும் சாதம் எதுவும் அத்தாட்சி இல்லை. சாப்ஸ்டிக்கும் இல்லை; அங்கே சோற்றை ஸ்பூனும் முள்கரண்டியும் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள், சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்கு. நூடுல்ஸ் கடை மேசையில் மிளகாய் போட்ட நாம் ப்ளா, மிளகாய் வினிகர், மிளகாய்த்தூள், சர்க்கரை என்று நாலு கிண்ணம் இருந்தால் அது நல்ல அடையாளம். பாட் கப்ராவ் (துளசி இலை போட்ட வதக்கல்) கேட்டால் துளசி வாசம் வர வேண்டும். வெளிநாடுகளில் பல இடங்களில் இனிப்பு பேசில் என்ற வேறு இலையைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். பிற நாட்டு உணவகங்களில் ‘தாய் செலக்ட்’ முத்திரை பார்க்கலாம். தாய்லாந்து வணிக அமைச்சகம் தருவது அது. உங்கள் ஒவ்வாமைக்கு அது உத்தரவாதம் தராது.

என்னைக் கேட்டால், கப்பி இல்லாத மசாலாவில் சமைக்கும் ‘அரைகுறை’ தாய்லாந்து உணவகம் சிலருக்கு அசலைவிட மேல்.

சைவர்கள் தாய்லாந்தில் தேட வேண்டியது மஞ்சள் கொடியில் சிவப்பில் எழுதிய ‘ஜே’ என்ற அடையாளம். ஜே சமையலில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயமும் இல்லை. ஒன்பது நாள் ஜே திருவிழா பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே வரும். பேங்காக்கின் சீலோம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் சீனர் பகுதியான யாவராத் பக்கமும் ஒரு நடை போய் வரலாம், தெருவெல்லாம் மஞ்சள் கொடிதான்.

ஒவ்வாமை உள்ளவர்கள் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். எது ஆகாது என்பதைத் தாய்லாந்து மொழி எழுத்தில் அச்சிட்ட சின்ன அட்டையைச் சமையற்காரர் கைக்கே போகும்படி கொடுங்கள். அட்ரினலின் ஊசி பரிந்துரைக்கப்பட்டவர்கள் அதை ஹோட்டல் அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. மூச்சுத் திணறலுக்கு அலர்ஜி மாத்திரை போதாது. ஊசியைத் தொடையில் போட்டுக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம், ரத்த அழுத்தக்காரர்கள். ஒரு மேசைக்கரண்டி நாம் ப்ளாவில் சோடியம் சுமார் 1,400 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பே 2,000 தான். டாம் யம்மில் காளானையும் இறாலையும் சாப்பிட்டுவிட்டு, சூப்பைப் பாதியில் வைத்துவிடுங்கள்.