கூடுகளை எண்ணுவது ஆமைகளை எண்ணுவதாகாது

கடலூர் முதல் புதுச்சேரி வரையிலான கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவம் முடிந்ததும், "இந்த ஆண்டு ஆமைகள் இரு மடங்காகிவிட்டன" என்ற மகிழ்ச்சியோடு யாரேனும் என்னிடம் வந்துவிடுகிறார்கள். இம்முறை வந்த தன்னார்வக் குழுவின் குறிப்பேட்டைப் புரட்டினேன். சென்ற ஆண்டு, ஆமைகள் மணலில் முட்டையிட்ட குழிகளான கூடுகளைத் தேடி வாரத்துக்கு மூன்று இரவுகள் கரையில் நடந்தவர்கள், இந்த ஆண்டு ஒவ்வோர் இரவும் நடந்திருக்கிறார்கள். பெருகியது அவர்களுடைய உழைப்பு என்பதை இன்னும் எத்தனை முறைதான் சொல்வது?

வனவிலங்குக் கணக்கெடுப்பில் பணியாற்றும் எனக்கு மிகவும் வேதனை தருவது, கண்ணில் பட்டவை மட்டுமே இருக்கின்றன என்ற நம்பிக்கைதான். துடுப்புக் கால்களை மாறிமாறி ஊன்றி ஆமை ஏறிய தடத்தை ஓதம் அழித்துவிட்டால், அனுபவமுள்ளவர்கூட அந்தக் கூட்டைத் தாண்டிப் போய்விடுவார். ஆகவே தவறவிட்டவற்றையும் கணக்கிட வேண்டும். அதற்கு வழி உண்டு. ஒரே கரையில் பருவம் முழுவதும் இரண்டு குழுக்கள் தனித்தனியே நடந்து, முதல் குழு 40 கூடுகளையும் இரண்டாம் குழு 30 கூடுகளையும் கண்டதாகவும், அவற்றுள் 24 கூடுகள் இரு பட்டியல்களிலும் இருப்பதாகவும் கொள்வோம். இரண்டாம் குழு கண்டவற்றில் ஐந்தில் நான்கு பங்கை முதல் குழுவும் கண்டிருப்பதால், முதல் குழுவின் 40 கூடுகளும் மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்காகவே இருக்கும். மொத்தம் ஏறக்குறைய 50. டென்மார்க்கின் பீட்டர்சன் 1896இல் மீன்களுக்கும், அமெரிக்காவின் லிங்கன் 1930இல் வாத்துகளுக்கும் கையாண்ட இம்முறையை வெறும் ஊகம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் முதல் குழு நட்ட குச்சியைப் பார்த்து இரண்டாம் குழு கூட்டைக் கண்டுபிடித்தால், பொதுவானவை கூடி, விடை உண்மையைவிடக் குறைந்துவிடும். குச்சி நடாதீர்கள், ஜிபிஎஸ் குறிப்பு போதும். இரு குழுக்களும் கடந்த பிறகே முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுக்க வேண்டும்.

இந்த 50 கூடுகளும் 50 ஆமைகள் அல்ல. ஒரே பெண் ஆமை ஒரு பருவத்தில் இரண்டு, மூன்று முறைகூட முட்டையிடலாம். ஆண் ஆமைகளும் இளம் ஆமைகளும் இக்கணக்கில் வரவே மாட்டா.

விடையை ஒற்றை எண்ணாக அறிவிக்காதீர்கள். 2022ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பே 3,167 முதல் 3,925 வரை என்ற வரம்போடுதான் வெளியானது. நடந்த தொலைவையும் நடந்தவர்களின் எண்ணிக்கையையும் அன்றன்றே எழுதுங்கள். ஒரு கூடுகூடக் கிடைக்காத இரவையும், அருள்கூர்ந்து, தேதியிட்டுச் சுழியம் என்று எழுதி வையுங்கள்.