மீனின் வயிற்றுக்குள் ஒரு தாளம்

"வட இலங்கையிலுள்ள சுண்டிக்குளத்தை 2015இல் தேசியப் பூங்கா ஆக்கினார்களே, மீனுக்கு அந்த எல்லை தெரியுமா?" என்று குருநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மீனுக்குத் தெரியாது. ஆனால் அது எல்லைக்குள் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நாங்கள் அறியலாம், அறியத்தான் வேண்டும். கொடுவாவை எடுங்கள். கழிமுகத்திலும் நன்னீரிலும் வளர்ந்து, முட்டையிட உப்புக் கூடிய தண்ணீருக்குப் போகிற மீன். வளரும் இடத்தைக் காத்துவிட்டு, போகும் வழியை வலையால் அடைத்தால் என்ன பயன்?

மீன் எங்கே போகிறது என்று அறிய, அதன் உடலுக்குள்ளிருந்து ஏதாவது ஒரு சமிக்ஞை வர வேண்டும். உப்புத் தண்ணீருக்குள் ரேடியோ அலை ஓடாது, ஒலி ஓடும். அதனால் மீனைக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயக்கி, மல்லாத்தி, செவுளுக்குக் குழாயால் தண்ணீர் விட்டபடி வயிற்றில் சின்னக் கீறல் போட்டு, சின்னிவிரல் கணு அளவான ஒலிக்கருவியை உள்ளே வைத்து இரண்டு தையல் போடுவார்கள். மயக்கம் தெளிந்ததும் விட்டுவிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே 69 கிலோஹேர்ட்ஸில்தான் ஒலிக்கின்றன, 20க்கு மேல் எங்கள் காதுக்கே கேளாது. அப்படியென்றால் எந்த மீன் என்று எப்படித் தெரியும்? தவிலை நினைத்துப் பாருங்கள், ஒரே அடியைத் தட்டினாலும் அடிக்கும் அடிக்கும் நடுவே விடுகிற இடைவெளியில் தாளம் மாறிவிடும். இங்கேயும் அந்த இடைவெளிகளின் நீளம்தான் மீனின் அடையாள எண். ஒரு வரிசை சில செக்கனில் முடியும், பிறகு அமைதி. அந்த அமைதியையும் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே கூட்டிக் குறைக்கிறார்கள், ஏனென்றால் பக்கத்தில் நிற்கிற இரண்டு மீனும் ஒரே நேரத்தில் ஒலித்தால் எண்கள் குழம்பிவிடும். அமைதி மாறினால் அடுத்த முறை மோதாமல் தப்பலாம். எவ்வளவு அழகான யோசனை!

அடியில் நங்கூரமிட்ட கருவிகள் இதைக் கேட்டு, நேரத்தோடு பதியும். முகத்துவாரத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வைத்தால் மீன் போனதும் வந்ததும் தெரிந்துவிடும். தென்னாபிரிக்கக் கழிமுகங்களில் பல வருடமாக இப்படிச் செய்கிறார்கள்.

எங்கள் பரவைக்கடலில், அதாவது களப்பில், இது லேசான வேலை இல்லை. ஆழம் குறைவு, சாதாளை என்கிற கடற்தாவரத்தின் அடர்த்தி, சோளகக் காற்று எழுப்பும் அலை, இதற்குள் கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் போடும் சொடுக்கு இறால்களின் படபடப்பு வேறு. கேட்கும் தூரம் நன்றாகச் சுருங்கும். ஆகவே கருவியை எங்கே இறக்குவது என்று முதலில் களப்பில் சிறகுவலை கட்டி மீன் பிடிக்கிறவர்களிடம் கேட்க வேண்டும், மீன் வரும் வழியை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். அறிவிப்புப் பலகைக்கும் வேலிக்கும் ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கையாவது இந்தக் கேட்கும் வேலைக்குத் தர வேண்டும் என்பது என் கருத்து. அப்படி ஒருநாள் இங்கேயும் தொடங்கினால், மீன் வெட்டும்போது கையில் தட்டுப்படும் சின்னக் குழல் போன்ற அந்த ஒலிக்கருவியை எறியாமல் எடுத்து வையுங்கள்.