அழாத குழந்தைக்கும் வலி உண்டு

இதய அறுவை முடிந்த குழந்தை அசையாமல், சத்தம் காட்டாமல் படுத்திருந்தால் 'பிள்ளைக்கு வலி இல்லை' என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை நேர்மாறு. மார்பெலும்பை நடுவில் அறுத்துப் பிரித்து, வேலை முடிந்ததும் திரும்பச் சேர்த்துக் கட்டிய உடம்பு அது. ஆழமாக மூச்சு இழுத்தால் வலிக்கும், இருமினால் இன்னும் வலிக்கும் என்று இரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூட ஒரே நாளில் பிடிபட்டுவிடும். அதனால்தான் அது அசையாமல் கிடக்கிறது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். வலிமருந்து விஷயத்தில் அழுகைக்காகக் காத்திருப்பது பெரிய தவறு.

அந்தக் கிடப்பால் வரும் கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. மூச்சு மேலோட்டமாகப் போகும்போது நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. இருமாததால் சளி அங்கேயே தங்கி நிமோனியாவுக்கு இடம் கொடுக்கிறது. வலி அட்ரினலினை ஏற்றுவதால் துடிப்பு எகிறி, அப்போதுதான் தைக்கப்பட்ட இதயத்துக்குக் கூடுதல் உழைப்பு சேர்கிறது. இதயத்தில் பெரிய துளையோடு பல மாதம் இருந்து, நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடிப்போன குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒரு பெரிய அழுகையே அந்த அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தி, உடலில் ஆக்சிஜனைக் கீழே இறக்கிவிடும். அத்தகைய குழந்தைக்கு வலியைத் தணிப்பது இதய சிகிச்சையிலேயே ஒரு பாகம்.

இந்தப் புரிதல் வந்து அதிக காலம் ஆகவில்லை. 1980-கள் வரை, பிறந்த குழந்தையின் நரம்புகள் முதிராதவை, அதற்கு வலி தெரியாது என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் பரவலாக இருந்தது. தசையைச் செயலிழக்க வைக்கும் மருந்தும் லேசான மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் கொடுத்து, குறைமாதக் குழந்தைகளின் இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாயைக் கட்டுவது அப்போது வழக்கமாக இருந்தது. கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற இந்திய மருத்துவர் 1987-இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. அதே அறுவையில் ஃபென்டனில் என்ற வீரியமான வலிமருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு, உடல் நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோன்களும் குறைவு, பின்னால் வந்த சிக்கல்களும் குறைவு.

வலி எல்லாக் குழந்தைக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நடு மார்பைத் திறந்தால் எலும்பு வலி. சிறு குழந்தைக்கு நூலாலும் பெரிய பிள்ளைக்கு எஃகுக் கம்பியாலும் எலும்பைக் கட்டுவார்கள், கட்டு அசையாதவரை வலி நாளுக்கு நாள் இறங்கும். விலாப்பக்கம் திறந்திருந்தால் தழும்பு சிறிது, வலி பெரிது. விலா எலும்புகளை விலக்கும்போது இடையில் ஓடும் நரம்புகள் நசுங்குவதே காரணம். பல குழந்தைகளுக்கு இவை இரண்டையும்விடத் தொல்லை தருவது நெஞ்சில் செருகிய வடிகுழாய். ஒவ்வொரு மூச்சுக்கும் அது நுரையீரல் உறையை உரசுகிறது.

பேசத் தெரியாத குழந்தையின் வலியை அளக்கும் முறைகளில் பரவலாகப் பயன்படும் ஒன்று, இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரை பொருந்தும். முகம், கால், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என ஐந்து விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுவார்கள். தாடை இறுகி, மோவாய் அடிக்கடி நடுங்கினால் முகத்துக்கு 2. காலை வயிற்றோடு மடக்கி வைத்திருந்தாலோ உதைத்தாலோ காலுக்கு 2. நெளிந்துகொண்டே இருந்தால் அசைவுக்கு 1, வில்லாக வளைந்து விறைத்தால் 2. விட்டுவிட்டு முனகல் 1, ஓயாத அழுகை 2. தூக்கித் தட்டிக்கொடுத்தால் அடங்கினால் 1, எதற்கும் அடங்காவிட்டால் 2. மொத்தம் 4-ஐத் தொட்டால் மருந்து தேவை, கொடுத்த பிறகு திரும்ப அளக்கவும் வேண்டும். இரண்டாம் அளவு பல இடங்களில் விட்டுப்போகிறது. அது இல்லாமல் மருந்து வேலை செய்ததா என்பது தெரியவே தெரியாது. இந்த அளவுகோலுக்கும் ஒரு குறை உண்டு. பயந்து உறைந்து கிடக்கும் குழந்தைக்கு மதிப்பெண் குறைவாகவே விழும். அப்போது அதை ஒருமுறை புரட்டியோ இருமச் சொல்லியோ பார்த்து அளக்க வேண்டும். படுத்திருக்கையில் 1, இருமும்போது 6 என்றால் 6-தான் கணக்கு.

நான்கைந்து வயதுக்கு மேல் குழந்தையையே கேட்கலாம். ஆறு முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டினால் தன் வலிக்கு எந்த முகம் என்று தொட்டுக் காட்டிவிடும். களியக்காவிளையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் திருவனந்தபுரம் போகிற குடும்பங்களுக்கும், தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலிருந்து கொச்சிக்கு இறங்குகிறவர்களுக்கும் இந்த அட்டை பெரிய உதவி. கேரள அரசின் 'ஹிருதயம்' திட்டம் 2017-இல் தொடங்கியபின் தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கும் இலவச இதய அறுவைக்கு வழி உண்டு. ஆனால் பிள்ளை பேசுவது தமிழ், இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் பேசுவது மலையாளம். அறுவைக்கு முந்தைய நாளே அட்டையைக் கேட்டு வாங்கிப் பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கள். பிள்ளை வீட்டில் வலியை எப்படிச் சொல்லும், எப்படித் தேற்றினால் அடங்கும் என்பதையும் நர்ஸிடம் சொல்லி வையுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே மருந்தை நம்புவதில்லை. மார்ஃபின் என்ற வீரியமான வலிமருந்து சிரையில் துளித்துளியாக ஓடும். பொதுவாகக் கிலோவுக்கு மணிக்கு 10 முதல் 40 மைக்ரோகிராம், பிறந்த குழந்தைக்கு அதைவிடக் குறைவு. அதிகமானால் மூச்சு மந்தமாகும், அதனால்தான் மானிட்டரும் நாலாக்சோன் என்ற முறிவு மருந்தும் பக்கத்திலேயே இருக்கும். பாராசிட்டமாலும் சிரைவழி சேரும்போது மார்ஃபின் தேவை குறைகிறது. டெக்ஸ்மெடெடோமிடின் மூச்சை அடக்காமல் தூங்கவைக்கும், ஆனால் துடிப்பைக் குறைக்கும். முதுகெலும்பை ஒட்டிய தசைத்தளத்திலோ மார்பெலும்பின் ஓரத்திலோ அல்ட்ராசவுண்ட் பார்த்து மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவதும் இப்போது பரவி வருகிறது. முதல் சில மணி நேரத்துக்கு அது நல்ல துணை.

வடிகுழாயை உருவும் நேரம் தனியாகக் கவனிக்க வேண்டியது. சிரையில் போட்ட ஃபென்டனில் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் உச்சம் தொடும், மார்ஃபினுக்கு ஏறக்குறைய 20 நிமிடம் வேண்டும். மார்ஃபினைப் போட்ட கையோடு குழாயை உருவினால் வலி முழுதும் பிள்ளைக்கு, மருந்தின் மயக்கம் அதற்குப் பிறகு. 'ஊசி போட்டு எவ்வளவு நேரம் ஆகிறது?' என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை. கைக்குழந்தைக்கு ரத்தம் எடுப்பது போன்ற சிறு வேலைக்கு முன் நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல் விட்டு இரண்டு நிமிடம் பொறுத்தால் வலி குறையும். 24 சதவீதக் கரைசல் இதற்கென்றே வார்டில் இருக்கும்.

மார்ஃபினோ ஃபென்டனிலோ ஐந்து நாளுக்கு மேல் ஓடியிருந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கொட்டாவி, தும்மல், வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, ஓயாத அழுகை வரும். அது உடல் பழகியதன் விளைவு, போதை அடிமைத்தனம் இல்லை. நாளுக்குப் பத்து இருபது சதவீதமாக இறக்கினால் சரியாகும்.

வார்டிலும் வீட்டிலும் பாராசிட்டமால்தான் முதல் மருந்து. கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. பிறந்த குழந்தைக்கும் ஈரல் வீங்கிய குழந்தைக்கும் இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியதே அளவு. முதல் சில நாள் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். வலி ஏறிய பிறகு கொடுத்தால் மருந்து வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி வரை பிடிக்கும், அதுவரை பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டே கிடக்கும்.

தவறு நடப்பது பெரும்பாலும் பாட்டிலில். 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளை அளவு 180 மி.கி. கடையில் கிடைக்கும் சிரப்பு ஒன்றில் 5 மி.லி.க்கு 125 மி.கி. இருக்கும், அதில் 7.2 மி.லி. வேண்டும். இன்னொன்றில் 5 மி.லி.க்கு 250 மி.கி., அதில் 3.6 மி.லி. போதும். சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி., 1.8 மி.லி. போதும். முதல் பாட்டிலுக்கு எழுதிய 7.2 மி.லி.யைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டால் 720 மி.கி. உள்ளே போகும், ஒரு நாள் முழுவதற்குமான அளவு ஒரே வாயில். அளவு மீறி ஈரல் கெட்டாலும் முதல் நாள் வெளியே தெரியாது, பிள்ளை விளையாடிக்கொண்டுகூட இருக்கும். அதனால் சீட்டில் மி.லி. மட்டும் இருந்தால் மி.கி.யையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பாலாடை, சங்கு, சமையல் கரண்டி எதுவும் அளவுக்கு உதவாது. ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். கொடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம், அதற்குப் பிறகு என்றால் அடுத்த வேளைதான். சளி சிரப்புகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு இரட்டிக்கும். இன்னொன்று: இந்த மருந்து காய்ச்சலையும் மறைத்துவிடும். ஒவ்வொரு வேளைக்கும் முன் தெர்மாமீட்டர் வைத்து எழுதி வையுங்கள்.

ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் என்ற வலிமருந்துகள் இரண்டையும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. வீட்டுக்கு வரும் பல குழந்தைகள் நீர் பிரிக்கும் ஃபுரோசமைடும் இதயத்தின் சுமையைக் குறைக்கும் எனலாபிரிலும் சாப்பிடுகின்றன. இவற்றோடு ஐபுபுரூஃபனும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும். ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்கு ஐபுபுரூஃபன் அந்த ஆஸ்பிரினின் ரத்தம் உறையாமல் காக்கும் வேலையையே தடுத்துவிடும். நிமசுலைடு என்ற வலிமருந்து 12 வயதுக்குக் கீழ் இந்தியாவில் 2011-இலேயே தடை செய்யப்பட்டது. கோடீன், டிரமடால் என்ற வலிமருந்துகளும் அந்த வயதுக்கு ஆகாது. சில குழந்தைகளின் ஈரல் அவற்றை மிக வேகமாக வீரியமான பொருளாக மாற்றுவதால் மூச்சே நின்றுபோகலாம். கற்பூரம் கலந்த தைலத்தை நெஞ்சில் தேய்க்க வேண்டாம். கற்பூரம் சிறு குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும், தையலுக்கு மேல் எண்ணெயும் கூடாது.

மருந்துக்குச் சமமாக உதவுவது தூக்கும் விதம். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் மார்பெலும்பின் இரு பாதியும் விலகும். ஆறு வாரம் வரை ஒரு கை பிட்டத்துக்குக் கீழும் மறு கை தோளுக்கும் கழுத்துக்கும் பின்னாலும் கொடுத்து அள்ளித்தான் தூக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்து இடுப்பில் ஏற்றும் பழக்கத்தைத் தாத்தா பாட்டியும் விட வேண்டும். இருமும்போது சின்னத் தலையணையையோ மடித்த துண்டையோ நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆரியங்காவு வழியாகவோ மூணாறுக்கோ மலைப்பாதையில் திரும்புகிறவர்கள் அடுத்த வேளை மருந்து புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன் அமையுமாறு வார்டிலேயே நேரம் பேசிக்கொள்வது நல்லது. பஸ்ஸாக இருந்தால் பின்சீட்டைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள்.

வயிறு இறுகி அழும் பிள்ளைக்கு வலிமருந்தைக் கூட்டிப் பயனில்லை. மார்ஃபின் குடலை மந்தமாக்கும், நீர் அளவும் குறைத்துக் கொடுக்கப்படும், ஃபுரோசமைடு இருக்கிற நீரையும் வெளியேற்றும். மூன்றும் சேர்ந்து மலத்தைக் கல்லாக்கும். நீங்களாகத் தண்ணீரைக் கூட்டாதீர்கள், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் கேட்டு வாங்குங்கள்.

சரியாகப் போகிற வலி நாளுக்கு நாள் குறையும். குறைந்து வந்த வலி திரும்ப ஏறினால், மூச்சு விடும்போது மார்பெலும்பில் 'டக்' என்று அசைவு தெரிந்தால், தையலில் சீழ் கசிந்தால் அன்றே காட்ட வேண்டும். அறுவை முடிந்து ஒன்று முதல் ஆறு வாரத்துக்குள் காய்ச்சலும், படுத்தால் கூடி முன்சாய்ந்து உட்கார்ந்தால் குறையும் நெஞ்சுவலியும் வந்தால் இதய உறையில் அழற்சியோடு நீர் சேர்ந்திருக்கலாம். சிறு குழந்தைக்கு இது வாந்தியாகவும், பால் குடிக்க மறுப்பதாகவும், சோர்வாகவும் மட்டுமே தெரியும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று இரண்டு நாள் ஓடிவிடும். அறுவை செய்த ஆஸ்பத்திரி தொலைவு என்றால் தென்காசியோ நாகர்கோவிலோ பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டிஸ்சார்ஜ் சீட்டோடு போய், இதய அறுவை நடந்த தேதியை முதலில் சொல்லி எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். எக்கோவில் தெரிந்துவிட்டால் நீர் குறைவாக இருக்கும்போது மருந்திலேயே வற்றும், அதிகமாகி இதயத்தை அழுத்தினால் ஊசியால் எடுத்துவிடுவார்கள்.