ராயல்டி: ராஜாவின் பங்கு யாருக்கு?

காசிமேட்டில் ஒரு கானாப் பாடகன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாவு வீட்டுப் பந்தல்களில் விடிய விடியப் பாடித் தேறிய தொண்டை. அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று யூடியூபில் பிய்த்துக்கொண்டு போகிறது. தெருமுனை ஃபிளெக்ஸில் அவன் தலைக்குக் கிரீடம் வைத்து 'கானாப் பேரரசே' என்று போட்டுவிட்டார்கள். பாட்டை வாங்கிய கம்பெனிக்காரர் கொடுத்தது ஐயாயிரம் ரூபாயும் ஒரு பிரியாணியும்.

"ராயல்டி வருமாண்ணே?"

"அதெல்லாம் மேதைங்களுக்குப்பா. நீ இப்பதானே வளர்ற!"

சரி, அது என்ன ராயல்டி? ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு கொடுத்த சொல். அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'ரெக்ஸ்' என்றால் அரசன். வடமொழி 'ராஜா' அதற்குப் பங்காளி முறை. (காசிமேட்டுக்குப் பக்கத்து ராயபுரத்தை இதில் இழுக்க வேண்டாம். அந்தப் பெயரை இராயப்பர், அதாவது புனித பேதுரு, கோயிலோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.) ராயல்டி முதலில் அரசனாக இருக்கும் தன்மையைக் குறித்தது, அப்புறம் அரசனுக்கு உள்ள உரிமைகளை. மண்ணுக்கடியில் கிடைக்கும் பொன்னும் வெள்ளியும் இங்கிலாந்தில் அரசனுடையவை. தோண்டிக்கொள்ள அனுமதி வாங்கியவன் கிடைத்ததில் ஒரு பங்கைக் கட்டவேண்டும். அந்தப் பங்குக்கே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புத்தகம் எழுதியவருக்கும் பாட்டுக் கட்டியவருக்கும் அது வந்து சேர்ந்தது பின்னால்தான். குவாரிக்காரர்கள் இன்றும் அரசுக்குக் கட்டுவது ராயல்டிதான்.

பழந்தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் உண்டு: இறை. அரசனும் இறை, அவனுக்குக் கட்டும் வரியும் இறை. குறளில் 'இறைமாட்சி' அரசனைப் பற்றிய அதிகாரம். சோழர் கல்வெட்டுகளில் 'இறையிலி' என்றால் வரி நீக்கிய நிலம். நம் பாடகனும் ஒரு வகையில் இறையிலிதான். கிரீடம் உண்டு, இறை இல்லை.

ஆனால் இன்று 'இறை' என்றால் சாமி என்றுதான் புரிந்துகொள்வார்கள். 'உரிமைத்தொகை' என்று சிலர் எழுதுகிறார்கள். 2023 செப்டம்பருக்குப் பிறகு வடசென்னையில் அதைச் சொன்னால், அரசு மகளிர் உரிமைத்தொகையாக வீட்டுப் பெண்கள் கணக்கில் மாதாமாதம் போடத் தொடங்கிய ஆயிரம் ரூபாய்தான் நினைவுக்கு வரும். 'உரிமத்தொகை' லைசென்ஸ் கட்டணம் போல ஒலிக்கிறது. ஒரு தடவை கட்டினால் தீர்ந்தது. ராயல்டி அப்படித் தீராது. பாட்டு ஓடும்வரை வரவேண்டியது. அதனால் என் ஓட்டு 'உரிமைப் பங்கு' என்பதற்கு. காசிமேட்டில் பங்கு என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். விசைப்படகு கரைக்கு வந்ததும் செலவைக் கழித்து, ஓனருக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பது அங்கே அன்றாடக் கணக்கு.

சட்டமும் பங்கு என்றுதான் பேசுகிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள சம பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது. வாரிசுக்குக் கொடுக்கலாம், வசூலித்துத் தரும் சங்கத்துக்குக் கொடுக்கலாம். மற்றபடி எழுதி வாங்கினால் செல்லாது.

இதை யாரோ சொல்லக் கேட்டு நம் பாடகன் கம்பெனிக்குப் போனான். "அண்ணே, என் பங்கு?"

கம்பெனிக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் போனை எடுத்து, "அந்த ஃபிளெக்ஸ்ல பேரரசுன்னு இருக்குல்ல, அதை எடுத்துட்டு சக்கரவர்த்தின்னு போடு" என்றார்.