"சமர்த்தா தூங்குது, சிஸ்டர்"

கிராம சுகாதார செவிலியராகப் பிரசவமான வீட்டுக்குப் போனால், பல சமயம் வாசலிலேயே பாட்டி பெருமையாகச் சொல்வார்: "பிள்ளை ரொம்பச் சமர்த்து சிஸ்டர், அழுறதே இல்லை." எனக்கு அப்போதே மனம் பதறும். நான்கு நாள் குழந்தை பசித்தால் அழ வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது பால் குடிக்க வேண்டும். எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கும் குழந்தையைச் சமர்த்து என்று விட்டுவிட முடியாது.

அப்படி ஒரு குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். விரலால் அழுத்தி எடுத்த இடமெல்லாம் மஞ்சள், உள்ளங்கால் வரைக்கும். "காலை வெயில்ல காட்டுறோமே" என்றார்கள். இரண்டு மூன்று நாளில் முகத்தில் லேசாக வரும் மஞ்சள் பல குழந்தைகளுக்கு உண்டு. பெரும்பாலும் தானாகவே குறையும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ, குழந்தை பாலை மறுத்தாலோ வெயிலை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அளவு மீறிய மஞ்சள் மூளையைத் தாக்கும், காது கேட்காமல் போகவும் செய்யும். அந்தக் குழந்தை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் நீல விளக்குச் சிகிச்சையிலேயே தேறிவிட்டது.

குழந்தை அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணிப் பாருங்கள். 60 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி நன்றாக உள்வாங்கினாலோ உடனே கிளம்ப வேண்டும். காய்ச்சல் மட்டுமல்ல, உடம்பு சில்லென்று இருப்பதும் ஆபத்துதான். வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ் எல்லாம் அப்படியே. தொக்கம் எடுக்கவோ மந்திரிக்கவோ போகும் அரை நாளில் சின்ன உடம்புக்குள் கிருமி பரவிவிடும்.

அப்புறம் அம்மா. வீட்டில் எல்லோர் கண்ணும் குழந்தை மேலேயே இருக்கிறது. பெற்றவளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகி ஆறாம் நாள் தலைவலி. ராத்திரித் தூக்கமில்லாததால் என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். கர்ப்ப காலம் முழுவதும் ரத்த அழுத்தம் சரியாக இருந்தவள். அளந்தால் 170/110! "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது அக்கா" என்றாள். அங்கிருந்தே 108-ஐக் கூப்பிட்டேன். வலிப்பு வருமுன் மருந்து ஏறிவிட்டது. பிள்ளை பிறந்ததும் பிரஷர் பயம் போய்விடுவதில்லை. ஆறு வாரம் வரை வரலாம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது எதுவானாலும் அன்றைக்கே பிரஷர் பார்த்துவிட வேண்டும்.

"கெட்ட ரத்தம் போகட்டும்" என்பார்கள். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் அவளும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வாள். அதனால் நான் பேடு கணக்கைக் கேட்கிறேன். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக வந்தாலோ தாமதிக்கக் கூடாது. கெட்ட வாடை வருவதைச் சொல்லப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள்; அதோடு காய்ச்சலும் சேர்ந்தால் கர்ப்பப்பையில் கிருமி பிடித்திருக்கலாம். சிசேரியன் ஆனவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு போட்டுவிடும் என்று நாக்கை வறள விடாதீர்கள். தண்ணீரும் இல்லாமல் நடக்கவும் விடாமல் வைத்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் காட்ட வேண்டும். மூச்சும் திணறினால் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது.

முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரம் தாண்டியும் அது நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் அவளால் தூங்க முடியாவிட்டால், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னால், யாருமில்லாத குரல் கேட்டால், அன்றைக்கே. அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள்.

மருத்துவமனையில் முதல் வார்த்தையாக "பிரசவமாகி இத்தனை நாள்" என்று சொல்லுங்கள். தலைவலி என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்புண்டு. தாய் சேய் நல அட்டையை மறக்காதீர்கள். குழந்தையைக் கொண்டுபோகிறீர்கள் என்றால், துணியில் சுற்றிக் கையில் ஏந்துவதைவிட, அம்மாவின் வெறும் மார்போடு ஒட்டி வைத்து மேலே போர்த்திக் கொண்டுபோங்கள். வழியெல்லாம் சூடு குறையாது.